கொலையாளிகள் உருவாகும் இடம்

நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பிக்கும் கொச்சியில் நடந்த கை மாற்று அறுவைக்கும் என்ன சம்பந்தம்?

மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளில் மிளகைப் புடைத்துப் பொக்கைத் தள்ளுவது தலைமுறைகளாக நடக்கும் வேலை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் தள்ளினால் வியாபாரி கடையை மூட வேண்டியதுதான். ஆனால் அப்படித் தள்ளியும் நொடித்துப் போகாத கிடங்கு ஒன்று நம் எல்லோரிடமும் உண்டு: நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸ் சுரப்பி. அங்கே தேறிவரும் செல்கள் எவ்வளவு கறாரானவை என்பதை, காயலுக்கு அப்பால் அதே நகரின் இடப்பள்ளியில் உள்ள அமிர்தா மருத்துவமனை அறியும்.

2015 ஜனவரியில் டாக்டர் சுப்ரமணிய ஐயர் தலைமையிலான குழு அங்கே, ரயில் விபத்தில் இரு கைகளையும் இழந்த இளைஞருக்கு, மூளைச் சாவடைந்த ஒருவரின் கைகளைப் பொருத்தியது. இந்தியாவில் அதுதான் முதல் முறை. எலும்பு, ரத்தக் குழாய், நரம்பு, தசைநார் என்று ஒவ்வொன்றாக இணைக்க சுமார் 16 மணி நேரம் பிடித்தது.

அது பாதிச் சண்டைதான். மீதி, கொலையாளி 'டி' செல்களோடு. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டால் இவை அதன் சுவரில் துளையிட்டு உள்ளே நொதிகளைச் செலுத்தும். அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். தானமாக வந்த கையும் இவற்றுக்கு அந்நியன்தான். அதிலும் தோலைப் போல இவற்றை உசுப்பிவிடும் உறுப்பு வேறில்லை.

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இளம் செல்கள் தைமஸில் இரண்டு சோதனைகளைச் சந்திக்கின்றன. உடலின் சொந்த அடையாளப் புரதங்களைப் படிக்கத் தெரிய வேண்டும், தெரியாதது செத்துப்போகும். சொந்தத் திசுவை வெறியோடு பற்றிக்கொள்ளவும் கூடாது. பற்றினால் அதற்கும் சாவு. கணையத்தின் இன்சுலின் உட்பட உடலின் பல பாகங்களுக்குரிய புரதங்களைத் தைமஸ் தானே தயாரித்து, ஒத்திகை பார்ப்பதுபோல் காட்டுகிறது. நூற்றுக்கு ஐந்துகூடத் தேறுவதில்லை.

இவ்வளவு வேலை செய்யும் சுரப்பியை 1960 வரை விஞ்ஞானிகள் வெறும் எச்சம் என்றே கருதினார்கள். 1961ல் லண்டனில் ழாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் அகற்றப்பட்ட எலிகள் வேறு இன எலிகளின் தோலை எதிர்ப்பின்றி ஏற்பதைக் கண்டார். பருவ வயதுக்குப் பின் அது கொழுப்பாகச் சுருங்குவதால், பெரியவர்களுக்குத் தேவையில்லை என்ற எண்ணம் மட்டும் நீடித்தது. 2023ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் அதையும் அசைத்தார்கள். தைமஸ் அகற்றப்பட்டவர்களில் ஐந்தாண்டுகளில் இறந்தவர்கள் 8.1 சதவீதம், அதை இழக்காமல் நெஞ்சு அறுவை செய்துகொண்டவர்களில் 2.8 சதவீதம்.

பொருத்திய கையைக் காப்பாற்றும் மருந்துகளில் ஒன்றுக்கும் மூலம் தைமஸ்தான். மனிதத் தைமஸ் செல்களை முயலுக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். அறுவையை ஒட்டி அதைக் கொடுத்தால் 'டி' செல்கள் பெருமளவு ஒழியும். பிறகு டேக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள், ஆயுளுக்கும். தொற்றுநோய், சிறுநீரகப் பாதிப்பு, சர்க்கரை எல்லாம் கூடவே வரலாம்.

கையில்லாமல் வாழலாமே, இந்த ஆபத்து எதற்கு என்று வாதிடுபவர்கள் உண்டு. இரு கைகளும் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் இப்படி வாதிடுகிறார்கள். சிறுநீரகம் நிராகரிக்கப்பட்டால் அதை அறியப் பரிசோதனைகள் வேண்டும். கையில் அது வெளியிலேயே தெரியும். எனவே கை பெற்றவர் தினமும் தோலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பாகத் தடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.