பாசறையில் பிறந்த நிலப்படக் கருவி

போர்ப்படையில் உள்ள ஒரு டாங்கியின் எடை ஏறத்தாழ 50 டன். வளர்ந்த யானையின் எடையை 4 டன் என்று கொண்டால், ஒரு டாங்கி பன்னிரண்டு யானைகளுக்குச் சமம். அதன் சக்கரங்களைச் சுற்றி இரும்புப் பட்டை ஓடுகிறது. டாங்கி திரும்பும்போதெல்லாம் அந்தப் பட்டை புல்லை வேரோடு பிடுங்கிவிடும். அடுத்த மழையில் மேல்மண் கரைந்து ஓடையில் போய்ச் சேரும். ஆண்டுதோறும் பல டாங்கிகள் ஒரே இடத்தில் பயிற்சி செய்தால் அந்த நிலம் என்னவாகும்?

1970-களில் அமெரிக்கத் தரைப்படை இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதாயிற்று. 1970 ஜனவரி முதல் நாள் அந்நாட்டில் ஒரு சுற்றுச்சூழல் சட்டம் கையெழுத்தாயிற்று. அரசுத் துறை எதுவானாலும், பெரிய வேலை ஒன்றைத் தொடங்குமுன் அதனால் சூழ்நிலைக்கு என்ன கேடு வரும் என்று ஆராய்ந்து எழுதவேண்டும் என்றது அச்சட்டம். 1973-இல் அழிந்துவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டமும் வந்தது. படையும் இவற்றுக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. தென்கிழக்குப் பகுதியில் உயிருள்ள முதிர்ந்த பைன் மரங்களில் பொந்து குடையும் ஒருவகை மரங்கொத்தி உண்டு. அதன் காடுகள் சில, படையின் பயிற்சி நிலத்துக்குள்ளேயே இருந்தன!

ஆகவே, எங்கே டாங்கி ஓட்டலாம், எங்கே ஓட்டக்கூடாது என்று முடிவு செய்யப் பல வரைபடங்கள் தேவைப்பட்டன. மண்வகைக்கு ஒரு படம், மேடு பள்ளத்துக்கு ஒரு படம், மரஞ்செடிகளுக்கு ஒரு படம், பறவைக் கூடுகளுக்கு ஒரு படம். கண்ணாடி போன்ற தாள்களில் இவற்றை வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியில் விளக்கை ஏற்றிப் பார்ப்பது பழைய முறை. சில தாள்கள் வரை கண்ணுக்குப் புலப்படும். அதற்கு மேல் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். மேலும், தாளைப் பார்க்கலாமே தவிர, அதைக் கொண்டு கணக்குப் போட முடியாது.

இந்த வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்க முன்வந்தது ஒரு சிறு குழு. தரைப்படையின் பொறியாளர் பிரிவுக்கு இல்லினாய் மாநிலத்தில் ஷாம்பெயின் என்னும் ஊரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் உண்டு. அங்கே 1982-இல் ஜேம்ஸ் வெஸ்டர்வெல்ட், மைக்கேல் ஷாபிரோ முதலியோர் மென்பொருள் எழுதத் தொடங்கினர். பாதுகாப்புத் துறை மென்பொருள் என்றாலே ஏவுகணையும் ரேடாரும்தான் நம் நினைவுக்கு வரும். இவர்கள் எழுதியதோ புல்லையும் மண்ணையும் காக்கும் மென்பொருள். 'கிராஸ்' என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் அது ஒரு நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைந்த சொல். 'புல்' என்ற பொருளும் அதற்கு உண்டு!

கணிப்பொறிக்குக் கண் இல்லை. அது எப்படி வரைபடத்தைப் படிக்கும்? நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும். பக்கத்துக்கு 30 கிலோமீட்டர் உள்ள ஒரு சதுர நிலத்தை எடுத்துக்கொள்வோம். கட்டத்தின் பக்கம் 30 மீட்டர் என்றால், ஒரு வரிசைக்கு 1,000 கட்டங்கள். மொத்தம் 1,000 × 1,000 = 10 லட்சம் கட்டங்கள். உயரப் படத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் உயரம் எண்ணாக நிற்கும். மண்படத்தில் மண்வகையின் எண் நிற்கும். ஆக, வரைபடம் என்பது இப்போது ஒரு பெரிய எண் அட்டவணை.

எண்ணாகிவிட்டால் கணக்குப் போடலாம் அல்லவா? ஒரு கட்டத்தின் உயரம் 100 மீட்டர், அடுத்த கட்டத்தின் உயரம் 103 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே 30 மீட்டர். 30 மீட்டருக்கு 3 மீட்டர் ஏற்றம் என்றால் சரிவு 10 சதவீதம். கிராஸ் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் பார்த்து இந்தச் சரிவைக் கணக்கிடுகிறது. உயரப் படத்திலிருந்து சரிவுப் படம் தானே பிறந்துவிடுகிறது.

இனி மண் அரிப்புக்கு வருவோம். 1965-இல் விஷ்மயர், ஸ்மித் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு வாய்பாட்டை வெளியிட்டனர். மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவு, தாவரப் போர்வை, நிலத்தைக் காக்கும் முறை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அவற்றைப் பெருக்கினால் ஓராண்டில் அரித்துச் செல்லும் மண்ணின் அளவை மதிப்பிடலாம். வெற்று நிலத்துக்குத் தாவர எண் 1. அடர்ந்த புல்வெளிக்கு அது நூறில் ஒன்றுக்கும் கீழே போகும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவையே. மழையும் மண்ணும் சேர்ந்து 100. சமநிலத்தின் சரிவு எண் 0.5, மலைச்சரிவின் எண் 3, புல் இருந்தால் 0.01, பாதி கிழிந்தால் 0.5. பாதுகாப்பு முறை ஏதும் இல்லை. ஆகவே அதற்கு 1.

புல் உள்ள சமநிலம்: 100 × 0.5 × 0.01 = 0.5
டாங்கி ஓடிய சமநிலம்: 100 × 0.5 × 0.5 = 25
புல் உள்ள சரிவு: 100 × 3 × 0.01 = 3
டாங்கி ஓடிய சரிவு: 100 × 3 × 0.5 = 150

அதே டாங்கிதான். சமநிலத்தில் 25; சரிவிலோ 150, அதாவது ஆறு மடங்கு! இந்தப் பெருக்கலைப் பத்து லட்சம் கட்டங்களுக்கும் கணிப்பொறி சளைக்காமல் செய்து, எங்கே ஓட்டினால் கேடு குறைவு என்று வண்ணம் தீட்டிக் காட்டிவிடும். இவ்வாறு படத்தோடு படத்தைக் கூட்டவும் பெருக்கவும் உதவும் 'வரைபடக் கணக்கி'யை எழுதியவர் ஷாபிரோ.

படைக்காக எழுதியது என்றால் இரகசியமாகப் பூட்டி வைத்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இங்கே ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுங்கள். படை தன் வரைபடங்களை மறைத்து வைக்கலாம். அவற்றை ஆராயும் கருவியை மறைக்க வேண்டியதில்லை. மேலும், அமெரிக்க அரசு ஊழியர்கள் தம் பணியின் பகுதியாக எழுதுவதற்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. எனவே கிராஸின் மூலநிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம், பல்கலைக்கழகங்களுக்கும் பிற துறைகளுக்கும் தாராளமாகச் சென்றது. 1987-இல் இதைப் பற்றி ஒரு விளக்கப் படமும் வந்தது. அதற்குக் குரல் கொடுத்தவர், 'ஸ்டார் டிரெக்' தொடரில் விண்கலத் தலைவராக நடித்த வில்லியம் ஷாட்னர்!

1990-களின் நடுவில் சோதனை வந்தது. ஆராய்ச்சிக்கூடம் கிராஸை வளர்க்கும் பணியை நிறுத்திக்கொண்டது. ஒரு நிறுவனம் பூட்டி விற்ற மென்பொருளாக இருந்திருந்தால் அதன் கதை அத்துடன் முடிந்திருக்கும். பழுது பார்க்கவும் வேறொருவரால் இயலாது. கிராஸின் மூலநிரல் பலர் கையில் இருந்தபடியால், டெக்சஸ் மாநிலத்தின் பெய்லர் பல்கலைக்கழகம் 1997-இல் புதிய பதிப்பை வெளியிட்டது. பின்னர் ஜெர்மனியின் ஹானோவர் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் நெட்டலர் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

1999-இல் கிராஸ், 'பொதுமக்கள் உரிமம்' எனப்படும் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வந்தது. இதனால் என்ன மாற்றம்? உரிமை எதுவும் இல்லாத பொருளை ஒருவர் எடுத்துத் திருத்தி, திருத்தத்தை மட்டும் பூட்டிக்கொள்ளலாம். புதிய உரிமம் அதற்கு இடங்கொடுப்பதில்லை. பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது, மூலநிரலையும் அதே உரிமையோடு கொடுத்தாக வேண்டும். ஊர்க்கிணற்றில் நீர் இறைக்கலாம். கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டக்கூடாது என்பது போல.

2002-இல் கேரி ஷெர்மன் அலாஸ்காவில் தொடங்கிய கியூஜிஸ் என்னும் இலவச நிலப்பட மென்பொருளுக்குள்ளிருந்தே இன்று கிராஸின் கருவிகளை இயக்கலாம். டாங்கிப் பாதைக்காகப் பிறந்த கணக்கு, இன்று வெள்ள நீர் ஓடும் வழியையும் காடு அழியும் வேகத்தையும் ஆராய உதவுகிறது. நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் அதை எழுதிவருகிறார்கள்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். வரைபடத் தாளில் பத்துக்குப் பத்தாக மூன்று சதுரங்கள் வரையுங்கள். பள்ளி மைதானத்தை நூறு கட்டங்களாக எண்ணிக்கொண்டு, முதல் சதுரத்தில் நிழல் உள்ள கட்டத்துக்கு 1, இல்லாததற்கு 0 எழுதுங்கள். இரண்டாவதில் மழைநீர் தேங்காத கட்டத்துக்கு 1, தேங்கும் கட்டத்துக்கு 0. கட்டத்துக்குக் கட்டம் பெருக்கி மூன்றாவதில் எழுதுங்கள். 1 வந்த இடங்களில் மழைக்காலத்திலும் அமர்ந்து படிக்கலாம். பிறகு மூன்றாவது சதுரத்தை மட்டும் நண்பரிடம் கொடுத்து, ஏதேனும் தவறு இருக்கிறதா என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிகிறதா? முதல் இரண்டையும் கொடுத்தபின் மீண்டும் கேட்டுப் பாருங்கள்.