மூட்டுக்குள் வளரும் படிகங்கள்

கற்கண்டு எப்படிக் கிடைக்கிறது என்று வகுப்பில் கேட்டால், சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டு ஆறவைப்பார்கள் என்று யாராவது ஒரு மாணவர் சொல்லிவிடுவார். சூடாக இருந்தபோது முழுவதும் கரைந்திருந்த சர்க்கரை, ஆறியதும் கரைந்திருக்க இயலாமல் நூலில் படிகமாகப் படிகிறது. தெவிட்டிய கரைசல், அதிதெவிட்டிய கரைசல் என்று நாம் கரும்பலகையில் எழுதிப்போடும் பாடம் இதுதான். இதே நிகழ்வு நம் மூட்டுக்குள் நடந்தால் அதற்குக் கவுட் என்று பெயர்.

நான் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். எட்டு ஆண்டுகளாக இந்த நோயோடு வகுப்புக்குப் போய்வருகிறேன். நம்மில் பலருக்கு இந்த நோய் இருக்கிறது. ஆனால் ‘யூரிக் ஆசிட் கொஞ்சம் கூட’ என்ற ஒரு வரியோடு பேச்சை முடித்துவிட்டு, மருந்துக்கடையில் வலிமாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்துவிடுகிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படிகம் எங்கிருந்து வருகிறது?

நம் செல்களிலும் உணவிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதையும்போது கடைசியில் மிஞ்சும் கழிவுதான் யூரிக் அமிலம். பெரும்பாலான பாலூட்டிகளில் யூரிகேஸ் என்ற நொதி இதை மேலும் உடைத்து எளிதில் கரையும் பொருளாக மாற்றிவிடும். பரிணாமப் பாதையில் மனிதர் அந்த நொதியை இழந்துவிட்டனர். ஆகவே நம் உடல் சிறுநீரகத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு யூரிக் அமிலம் சிறுநீர் வழியாகவும், மீதி குடல் வழியாகவும் வெளியேறுகிறது.

இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராம் என்பது தெவிட்டு நிலை. அதற்கு மேல் பல ஆண்டுகள் நீடித்தால், ஊசி வடிவ யூரேட் படிகங்கள் மூட்டில் படியத் தொடங்கும். உடலின் மற்ற பகுதிகளைவிடக் கால் நுனி குளிர்ச்சியானது. வெப்பம் குறைந்தால் கரைதிறனும் குறையும் அல்லவா? கால் பெருவிரல் மூட்டு முதலில் மாட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். 19ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் காரோட் என்ற ஆங்கில மருத்துவர், நோயாளியின் இரத்த நீரில் அமிலம் சேர்த்து ஒரு நூலை இட்டுவைத்து, அதில் யூரிக் அமிலப் படிகம் படிவதைக் காட்டினார். கற்கண்டு நூலேதான்!

படிகம் சும்மா கிடக்கும்வரை வலி இல்லை. வெள்ளையணுக்கள் அதைப் பகையென எண்ணி விழுங்க முயலும்போதுதான் அழற்சி மூள்கிறது. பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ தொடங்கி, ஒரே நாளில் உச்சத்தை எட்டும். மூட்டு சிவந்து, வீங்கி, சுடும். போர்வை உரசினால்கூடத் தாங்காது. ஒன்றிரண்டு வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். நம்மை ஏமாற்றுவது இந்த அடக்கம்தான். வலி போய்விடுகிறது, படிகம் போவதில்லை.

வலி வந்த நாளில்

மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். தைலம் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவது வலியைக் கூட்டும். நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. கால்ச்சிசின், அழற்சி குறைக்கும் வலிமாத்திரை, ஸ்டீராய்டு ஆகிய மூன்றில் எது உங்களுக்கு ஏற்றது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரகக் குறைபாடு, வயிற்றுப்புண், இதயநோய் உள்ளவர்களுக்கு வலிமாத்திரை தீங்கு செய்யும். ஸ்டீராய்டு சர்க்கரை அளவை உயர்த்தும். என்னோடு பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர், விடுப்பு எடுக்க மனமில்லாமல் பல ஆண்டுகள் சீட்டு இல்லாமலே வலிமாத்திரை போட்டுவந்தார். ஓய்வுபெறும் முன்பே அவருடைய சிறுநீரகம் பழுதாகிவிட்டது. இரண்டு நாள் மருத்துவ விடுப்பு அதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு எச்சரிக்கை: மூட்டு வீக்கத்தோடு குளிர்க் காய்ச்சலும் இருந்தால் அது மூட்டில் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கால்ச்சிசின் என்றதும் நம் மாநில மலர் நினைவுக்கு வர வேண்டும். செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே பொருள்தான். கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் கரூர், திருப்பூர், திண்டுக்கல் பகுதிகளில் இது பயிராகிறது. விதைகள் மருந்துக்காக ஏற்றுமதியாகின்றன. மூட்டுவலிக்கு நல்லது என்று யாரேனும் சொல்ல, கிழங்கை அரைத்து உண்டால் உயிரே போய்விடும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் அளவுதான் வேறுபாடு என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

வலி இல்லாத நாள்களில்

உண்மையான சிகிச்சை இப்போதுதான் இருக்கிறது. வலி வந்த நாளில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் இயல்பாகக்கூடக் காட்டலாம். அதைப் பார்த்து ‘கவுட் இல்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பது நல்லது. மாறாக, அளவு சற்றுக் கூடியிருந்தும் வலியே வராதவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படுவதில்லை.

வலி அடிக்கடி வந்தால் அலோபியூரினால் போன்ற மருந்தை மருத்துவர் தொடங்குவார். இலக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே. தெவிட்டு நிலைக்குக் கீழே போனால், படிந்த படிகங்கள் மெல்லக் கரையும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி அதிகமாகவே வரலாம். படிகங்கள் கரையத் தொடங்கும்போது உதிர்வதே காரணம். ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பலர் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசுங்கள். வலியைத் தடுக்கத் துணை மருந்து தருவார். ஆனால் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தட்டில் என்ன?

ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, ஆட்டுக்கறி, நெத்திலி, மத்தி, மது (குறிப்பாக பீர்), இனிப்புக் குளிர்பானம் ஆகியவை யூரிக் அமிலத்தை உயர்த்தும். பருப்பும் கீரையும் அறவே கூடாது என்ற அச்சம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் மீனும் அதிகம் உண்டவர்களிடம் கவுட் கூடியது. பியூரின் மிகுந்த காய்கறிகளால் கூடவில்லை. பால் பொருள்கள் உண்டவர்களிடம் குறைந்தது. சாம்பாரையும் மோரையும் நாம் கைவிட வேண்டியதில்லை.

உடல் எடையைக் குறைப்பது நல்லது. பட்டினி கிடந்து வேகமாகக் குறைப்பது வலியைத் தூண்டும். உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் யூரிக் அமிலம் ஓரளவுக்குத்தான் இறங்கும். ஆகவே வலி வந்தவரிடம் ‘கறி தின்றதால்தான்’ என்று சொல்லிச் சிரிப்பது நியாயமில்லை. பரம்பரையும் சிறுநீரகமும் சில இரத்தஅழுத்த மாத்திரைகளும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் வரும் என்பதை ஆசிரியைகள் அறிந்திருக்க வேண்டும்.

பள்ளியில் செய்யக்கூடியவை

கழிப்பறைக்குப் போக நேரமிருக்காது என்று காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஆசிரியர்கள் ஏராளம். இந்தப் பழக்கம் யூரிக் அமிலத்துக்கு வசதி. இரண்டு பாடவேளைக்கு ஒரு முறையாவது தண்ணீர் குடியுங்கள். மாணவர்களுக்கு மணி அடிக்கும்போது நாமும் குடிக்கலாம்.

வலி நாள்களில் மாடி வகுப்பைக் கீழ்த்தள வகுப்போடு மாற்றிக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். நான் கேட்டபோது ஒருவரும் மறுக்கவில்லை. எண்ணும் எழுத்தும் வகுப்பில் தரையில் அமரும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், அந்த ஓரிரு வாரம் தாழ்வான நாற்காலியில் அமர்ந்து குழந்தைகளைச் சுற்றி அமரச் செய்யலாம்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை யூரிக் அமிலமும் கிரியேட்டினினும் பரிசோதிக்கிறேன். கடந்த மூன்று ஆண்டுகளில் ஒரு முறைகூட வலிக்காக விடுப்பு எடுக்கவில்லை. மூட்டுவலிகளில் காரணம் தெளிவாகத் தெரிந்ததும், முறையாகச் செய்தால் அடக்கி வைக்கக்கூடியதும் இது. உங்கள் ஆசிரியர் அறையில் யாராவது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மாத்திரை நீட்டாதீர்கள். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.