புள்ளியின் நிழலைப் படிக்கும் கருவி

வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து எழுதினால் யாரால் படிக்க முடியும்? பார்வையற்ற மாணவர்கள் அன்றாடம் படிப்பது அத்தகைய எழுத்தைத்தான். பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி பிரெயில் 1824-இல், தமது பதினைந்தாம் வயதில் உருவாக்கிய முறை அது. அதில் மை இல்லை. தாளின் பரப்பிலிருந்து ஏறத்தாழ 0.5 மி.மீ. உயர்ந்து நிற்கும் புள்ளிகளே எழுத்துகள்.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஆறு இடங்கள் உண்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் அதேபோல் 4, 5, 6. ஓரிடத்தில் புள்ளி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆகவே 64 அமைப்புகள் கிடைக்கும். வெற்றிடத்தை நீக்கினால் 63.

இப்புள்ளிகளைப் படமெடுத்துச் சாதாரண எழுத்தாக மாற்றித் தரும் செயலிகள் இன்று திறன்பேசிகளில் உள்ளன. பிரெயில் அறியாத ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இவை பெரிதும் உதவுகின்றன. ஆனால் பயன்படுத்துவோர் ஒரு விந்தையைக் காண்பதுண்டு. ஜன்னலோரம் வைத்தபோது சரியாகப் படித்த அதே தாளை, விளக்கிற்கு நேர்க்கீழே வைத்தால் செயலி தடுமாறுகிறது. இதற்குக் காரணம் என்ன?

விரல் புள்ளியின் உயரத்தை உணர்கிறது. கேமராவோ நிழலை மட்டுமே காண்கிறது. நிழலின் நீளத்தை நீங்களே கணக்கிடலாம்: உயரத்தை, ஒளி தாளுடன் அமைக்கும் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் போதும். கோணம் 60 டிகிரி எனில் நிழல் 0.3 மி.மீ. தான், அது புள்ளியின் சரிவிலேயே அடங்கிவிடும். 20 டிகிரியில் நிழல் 1.4 மி.மீ.; தெளிவாகத் தெரியும். 10 டிகிரியில் 2.8 மி.மீ. ஆகிறது. அடுத்த புள்ளி இருப்பதோ சுமார் 2.5 மி.மீ. தொலைவில்! ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழுந்து குழப்பும்.

தடித்த காகிதத்தின் பின்புறம், மை தீர்ந்த பேனாவால் அழுத்திச் சில புள்ளிகள் செய்யுங்கள். இருட்டறையில் டார்ச் விளக்கை உயர்த்தியும் தாழ்த்தியும் பாருங்கள். மேடுகளின் நிழல், விளக்கிற்கு எதிர்ப்புறம் விழும். தாளைத் திருப்பினால் அவையே பள்ளங்கள். இப்போது விளக்கை நோக்கிய ஓரத்தில் நிழல் இருக்கும். இருபுறமும் அச்சிட்ட பிரெயில் நூல்களில் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்தறிய இந்த வேறுபாடே துணை செய்கிறது.

ஒரு புள்ளி தவறினால் என்ன ஆகும்? தமிழ்ப் பிரெயிலில் 'ம' என்பது 1, 3, 4 ஆகிய புள்ளிகள். 'க' என்பது 1, 3. நான்காம் புள்ளியின் நிழல் மங்கினால் 'மண்' என்பது 'கண்' ஆகிவிடும்! மொழியையும் முன்னரே சொல்ல வேண்டும். 1, 3, 4 என்ற அதே அமைப்பு ஆங்கிலத்தில் 'எம்' என்னும் எழுத்து.

பார்வையற்றோருக்கு இச்செயலி எப்படி? பிரெயில் பழகிய விரலுக்கு இது தேவையில்லை. மேலும், பக்கம் முழுவதும் கேமராவுக்குள் அடங்கியதா என்று பாராமல் அறிவது கடினம். ஆனால் நீரிழிவு நோயால் விரலின் தொடுவுணர்ச்சி குன்றியவர்களுக்கு, படித்ததைச் செயலி குரலாக ஒலித்தால் அது உதவியே.

இதில் நாம் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பார்வையற்ற மாணவர் ஒருவரின் விடைத்தாளை ஆசிரியர் செயலியால் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'மண்ணின் வகைகள்' என்று அவர் சரியாகவே எழுதியிருக்க, 'கண்ணின் வகைகள்' என்று செயலி காட்டுகிறது. பிழை விளக்கினுடையது, மதிப்பெண்ணை இழப்பவரோ மாணவர். ஐயம் தோன்றும் இடத்தில் விளக்கைத் தாழ்த்தி மீண்டும் படமெடுக்கலாம். அதைவிட எளிய வழி, எழுதியவரிடமே தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வது. நிழல் தவறவிட்ட புள்ளியை அவர் விரல் தவறவிடாது.