மணிக்கட்டை அழுத்தினால் மசக்கை அடங்குமா?

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் பெரும்பாலான பெண்களுக்குக் குமட்டல் வருகிறது. ஏன்? கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் மூளைத்தண்டைத் தூண்டுவதே முக்கியக் காரணம் என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. கர்ப்பத்துக்கு முன்பு அது உடலில் குறைவாக இருந்தவர்களுக்குத் தொல்லை அதிகம். ஆகவே "எல்லாம் மனசுதான்" என்று மசக்கைக்காரியை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம்.

சீன மருத்துவம் இதற்குச் சொல்லும் புள்ளி 'நெய்குவான்'. உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே கட்டைவிரலால் சில நிமிடம் அழுத்த வேண்டும். அங்கே அடியில் மீடியன் நரம்பு ஓடுகிறது. அதன் வழியே போகும் தூண்டல் வாந்தி உணர்வைத் தணிக்கலாம் என்பது ஒரு கருத்து. இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

1988இல் பெல்ஃபாஸ்ட் மயக்கவியல் மருத்துவர் ஜான் டண்டீயின் குழு இதில் பலன் கண்டது. போலிப் புள்ளியோடு ஒப்பிட்ட பிந்தைய ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்திக்குத்தான் சான்று வலுவாக உள்ளது. செலவில்லை, மருந்தில்லை என்பதால் முயன்று பார்க்கலாம் என்பேன். ஆனால் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் குறைந்து, எடை இறங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.