நிழல் அடுக்கும் அதன் ஆவணமும்
தலவாக்கலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கையில், எடையைச் செக்ரோல் என்ற பதிவேட்டில் பதிவதோடு தொழிலாளியின் துண்டிலும் எழுதிக் கொடுத்தால், பிறகு ஒன்றை மட்டும் திருத்துகிறவர் மாட்டிக்கொள்வார். கணினியின் ‘நிழல் அடுக்கு’ செய்வதும் இதுதான். ஒரு நிரல் துணைவேலைக்குப் போகும்போது, திரும்பவேண்டிய முகவரியை நினைவக அடுக்கில் குறித்துவிட்டுப் போகிறது. அதை மாற்றி எழுதிக் கணினியைக் கைப்பற்றலாம். 1988-இல் மொரிஸ் புழு பரவிய வழிகளில் ஒன்று இது. இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் 2020-இல் வெளியிட்ட புதிய சில்லுகள், சாதாரணக் கட்டளைகளால் மாற்ற முடியாத இடத்தில் இன்னொரு படியை வைக்கின்றன. இரண்டும் பொருந்தாவிட்டால் நிரல் அங்கேயே நிறுத்தப்படும்.

2023 அக்டோபரில் வந்த லினக்ஸ் 6.6 கெர்னல் (இயங்குதளத்தின் கரு) இந்த வசதியைப் பயனர் நிரல்களுக்குத் திறந்தது. கூடவே வந்த ஆவணத்தையும் வரி வரியாகச் சோதிக்கவேண்டும் என்பேன். கெர்னல் சரியாக வேலை செய்கிறதே, ஆவணத்துக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று கேட்கலாம். கெர்னலில் வசதி இருப்பதாலேயே காவல் வந்துவிடாதே! நிரலை அதற்கேற்பத் தொகுத்திருக்கவேண்டும். ஜிலிப்சி போன்ற நிரல் நூலகம் அந்த வசதியை இயக்கிவைக்கவேண்டும். செயலி விவரத்தில் ‘யூசர் எஸ்எச்எஸ்டிகே’ என்ற குறி தெரிந்தால், சில்லும் கெர்னலும் தயார் என்று மட்டுமே பொருள். பாதுகாப்பு ஏற்கெனவே ஓடுகிறது என்று அதை வாசிக்கவிடும் ஒரு வாக்கியம், சேவையகத்தைக் கவனிப்பவருக்கு நிரலில் உள்ள வழுவைவிடக் குறைந்த ஆபத்தல்ல.