மருந்தில்லாமல் லட்சுமி வெடி... தெரியுமா?

ஒரு சிட்டிகை மருந்துகூட இல்லாமல் லட்சுமி வெடி வெடிக்கலாம், தெரியுமா? ஒரு செமி மாடுலர் அனலாக் சிந்தசைசர் போதும்! ஸ்டேஷன் சிக்காத ரேடியோ 'உஸ்ஸ்' என்று இரையுமே, அந்த இரைச்சலுக்கென்றே பல சிந்தசைசர்களில் தனிப் பகுதி உண்டு. அட்டாக் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள், டிகே குமிழைத் துளியே திருப்புங்கள், கீயைத் தட்டுங்கள். டப்! லோ-பாஸ் ஃபில்டரை மெல்ல மூடினால் வெடி அடுத்த தெருவுக்குப் போகிறது. இன்னும் மூடினால் அடுத்த ஊருக்கே! காற்றும் ஒரு ஃபில்டர்தானே: கூர்மையான ஒலியை வழியிலேயே விழுங்கிவிட்டு 'டும்'மை மட்டும் அனுப்பும். (சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் வேலை நாளில் அந்த 'டும்' கேட்டால் யாரும் ரசிப்பதில்லை, பட்டாசு ஆலைக்குப் போனவருக்குப் பதறி ஃபோன் போடுவார்கள்.)

விசில் ராக்கெட்டுக்குள் விசிலே கிடையாது, தெரியுமா? குழாய்க்குள் மருந்து நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் துடித்துத் துடித்து எரிகிறது. உள்ளே இருக்கும் காற்றும் கூடவே அதிர்கிறது. மருந்து குறையக் குறையக் காலிக் குழாய் நீளும், சுருதி இறங்கும்! சிந்தசைசரில் இதற்கு ஒரே ஒரு பேட்ச் கேபிள், அட்டாக், டிகே குமிழ்கள் உள்ள என்வலப்பிலிருந்து சுருதியைத் தரும் ஆசிலேட்டருக்கு. 'செமி மாடுலர்' என்பதன் அழகே இதுதான். உள்ளுக்குள் எல்லாம் முன்பே இணைந்திருப்பதால் கேபிள் இல்லாமலும் பாடும். கேபிளைச் சொருகினால் அந்த இடத்து உள் இணைப்பு விலகி நீங்கள் சொன்ன வழியில் போகும். பெரும்பாலான கருவிகளில் ஆசிலேட்டருக்குப் போகும் மின்னழுத்தம் 1 வோல்ட் குறைந்தால் சரியாக ஒரு ஸ்தாயி கீழே!

1971-இல் வந்த ஏஆர்பி 2600 இந்த வகையின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. 1977-இன் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஆர்2-டி2 கீச்சிட்டதே, அதில் இதன் குரலும் கலந்திருக்கிறது! இந்தியா அதற்கு முன்பே முந்திக்கொண்டது: 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். அது முழு மாடுலர், கேபிள் சொருகாவிட்டால் முனகக்கூட முனகாது. 1972 வரை அங்கே பதிவான இசை 2023-இல்தான் ஆல்பமாக வந்தது. அரை நூற்றாண்டு அலமாரித் தூக்கம்!

மெதுவாக அதிரும் ஆசிலேட்டரான எல்எஃப்ஓவைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு அதன் சதுர அலையால் என்வலப்பைத் தட்டினால்? சரவெடி! அசல் சரவெடிக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஒற்றை வெடிக்கும் 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல்தான் வரம்பு. இந்தச் சிந்தசைசர் வெடிக்கோ ஆடி மாதத்திலேயே தீபாவளி. ஹெட்ஃபோனை மாட்டுமுன் வால்யூமை மட்டும் இறக்கிவிடுங்கள்: இங்கே 4 மீட்டர் இடைவெளியெல்லாம் கிடையாது!