கடவுச்சீட்டும் கடற்கொள்ளையும்: வில்லியம் கிட் வழக்கு

முன்னுரை

பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரசுகள், பகைநாட்டுக் கப்பல்களைக் கைப்பற்றும் உரிமத்தைத் தனியாருக்கும் வழங்கின. உரிமத்துடன் செய்தால் போர். உரிமமின்றிச் செய்தால் கொள்ளை. இவ்வேறுபாடு செயலைவிட ஆவணத்தையே சார்ந்திருந்தது என்பதற்கு வில்லியம் கிட் வழக்கு சான்றாகும்.

உரிமமும் பயணமும்

ஸ்காட்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த கிட், மன்னர் மூன்றாம் வில்லியத்தின் உரிமத்துடன் 1696இல் 'அட்வெஞ்சர் கேலி' என்னும் கப்பலில் புறப்பட்டார். கடற்கொள்ளையரைப் பிடிப்பதும் பிரெஞ்சுக் கப்பல்களைக் கைப்பற்றுவதும் அவர்தம் பணிகள். பெல்லமாண்ட் பிரபு முதலான விக் கட்சிப் பெருமக்கள் இதற்கு முதலீடு செய்திருந்தனர். மாலுமிகளுக்குக் கூலி இல்லை. கைப்பற்றும் பொருளில் பங்கு மட்டுமே உண்டு. பொருள் கிட்டாத நிலையில் அவர்களிடையே மனக்கசப்பு வளர்ந்தது. 1697 அக்டோபரில் எழுந்த வாக்குவாதத்தில், கிட் வாளியால் தாக்கியதில் பீரங்கியாளர் வில்லியம் மூர் இறந்தார்.

குவெடா மெர்ச்சன்ட்

1698 ஜனவரியில் இந்தியாவின் மேற்குக் கடற்பகுதியில் 'குவெடா மெர்ச்சன்ட்' கைப்பற்றப்பட்டது. தமிழ்க் கல்வெட்டுகள் கடாரம் எனக் குறிக்கும் கெடாவின் பெயரே அக்கப்பலின் பெயரில் உள்ளது. கப்பலின் தலைவர் ஆங்கிலேயர். சரக்குடையோருள் ஆர்மீனிய வணிகர் இருந்தனர். கடவுச்சீட்டோ பிரெஞ்சு நாட்டினது. ஆதலின் உரிமப்படி அது தமக்குரிய கப்பலே எனக் கிட் வாதிட்டார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலை வேறு. 1695இல் ஹென்றி எவரி மொகலாயப் பேரரசரின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைக் கொள்ளையிட்டபோது, சூரத்தில் கம்பெனியார் சிறைவைக்கப்பட்டனர். மீண்டும் பேரரசின் சினத்திற்கு ஆளாவதைக் கம்பெனி விரும்பவில்லை. 1698இல் அறிவிக்கப்பட்ட அரச மன்னிப்பிலிருந்து எவரியும் கிட்டும் பெயர் சுட்டி விலக்கப்பட்டனர்.

விசாரணை

1699இல் பாஸ்டனில் கிட்டைச் சிறைப்படுத்தியவர் அவருக்கு முதலீடு செய்த பெல்லமாண்டே. இலண்டனிலோ, விக் கட்சித் தலைவர்களை வீழ்த்த எதிர்க்கட்சியினர் இவ்வழக்கைப் பயன்படுத்தினர். கிட் நம்பியிருந்த பிரெஞ்சுக் கடவுச்சீட்டுகள் விசாரணையில் அவருக்குக் கிடைக்கவில்லை. கொலைக்கும் கடற்கொள்ளைக்கும் தண்டிக்கப்பட்டு, 1701 மே 23இல் தூக்கிலிடப்பட்டார். அவருடைய உடல் தேம்ஸ் நதிக்கரையில் சங்கிலியில் தொங்கவிடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சீட்டுகள் இலண்டன் ஆவணக்காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன.

முடிவுரை

இக்கண்டுபிடிப்பு கிட்டைக் குற்றமற்றவராக்கிவிடாது. சீட்டுகள் இரு கப்பல்களுக்கே பொருந்துவன. ஏனைய கொள்ளைகளுக்கும் மூரின் கொலைக்கும் அவை விடையாகா. எனினும், முதன்மையான குற்றச்சாட்டை மறுக்கும் சான்று அரசின் கையில் இருந்தும் அவைக்கு வரவில்லை. எனவே குடியேற்றக் கால ஆவணங்களில் 'கடற்கொள்ளையர்' என்னும் சொல்லை எதிர்கொள்ளும் ஆய்வாளர், அதைச் சூட்டியவர் யார், எந்நலன் கருதிச் சூட்டினார் என்பவற்றையும் உடன் ஆராய்தல் வேண்டும்.